பீரங்கியும் சீதனமா?

எந்த ஊருக்குப் போனாலும் சுபைறா முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "இது ஆர்ர ஊடு?"

வீட்டுக்காரரின் பெயரைச் சொன்னால் போதாது. ஆம்பிளையின் பெயரில் ஒரு வீடு இருக்கும் என்பதை, மருதமுனையில் பிறந்து வளர்ந்த சுபைறா இந்த ஐம்பத்து நாலு வயது வரைக்கும் நம்பியதில்லை. வீடு பெண்ணுக்கு. உம்மா மகளுக்குக் கொடுப்பது. மாப்பிள்ளை என்பவர் ஒரு நல்ல நாளில் தலையில் தொப்பியும் கையில் புதுக் கடிகாரமுமாக வந்து, அந்த வீட்டில் இருந்துகொள்பவர். ஆகவே யாராவது "அது ஹாஜியார்ர ஊடு" என்று கையைக் காட்டினால், "அவர்ர பொஞ்சாதி ஆர்ர மகள்?" என்பாள். அந்தப் பொஞ்சாதியின் உம்மா, அந்த உம்மாவின் உம்மா என்று படிப்படியாக ஏறிப்போய், உண்மையான வீட்டுக்காரியைக் கையும் மெய்யுமாகப் பிடித்த பிறகுதான் விடுவாள்.

அவளுடைய வீட்டிலும் அப்படி வந்து இருந்துகொண்ட ஒருவர் இருந்தார். சீனிமுகம்மது. கல்முனையைத் தாண்டினால் வரும் சாய்ந்தமருதுதான் அவருடைய ஊர். மாப்பிள்ளையாக வந்து முப்பது வருடம் கழிந்தும் தெருவில் அவருக்குப் பெயர் "சாய்ந்தமருதார்" என்பதுதான். ஒலுவில் துறைமுகத்தில் மீன் ஏலம் கூறுவது அவர் தொழில். அவர் கூறத் தொடங்கினால் அலையும் கொஞ்சம் தள்ளி நின்று கேட்கும். வீட்டு வாசலுக்கு வந்ததும் அந்தக் குரல் செருப்போடு சேர்ந்து கழன்றுவிடும். உள்ளே போவது இன்னொரு சீனிமுகம்மது. அவர் தேத்தண்ணி கேட்பதற்கே தொண்டையைச் செருமி அனுமதி வாங்குபவர்.

சுபைறா வீட்டு முன்னறையில் புடவைக்கடை வைத்திருந்தாள். பெருநாளுக்குப் பெருநாள், கலியாணத்துக்குக் கலியாணம் விற்ற சாரிகளெல்லாம் கல்லாகவும் சீமெந்தாகவும் மாறி, பக்கத்து வளவில் ஒரு வீடாக எழும்பின. உம்மா அவளுக்குக் கொடுத்த வீடு கடற்கரையோடு இருந்தது. சுனாமியாகக் கடல் வந்த அந்தக் காலையில் அது போய்விட்டது. அதற்குப் பிறகு கூடாரம், பிறகு நிவாரண வீடு, பிறகு இந்தக் கடை. அதனால் இந்தப் புதுவீட்டை அவள் கடலுக்குத் தூரமாக, மகள் ஆகிலாவுக்கென்று கட்டினாள். நிலத்துக்கு ஓடு பதித்தாயிற்று. அலுமாரிக்குக் கண்ணாடி போட்டாயிற்று. அவளும் சீனிமுகம்மதுவும் இருப்பதற்குப் பின்பக்கம் சின்னதாக இரண்டு அறைகூடக் கட்டியாயிற்று. இனி மாப்பிள்ளை வர வேண்டியது மட்டும்தான் பாக்கி.

மாப்பிள்ளையும் வந்தார். அதாவது, தரகரின் வாயில் வந்தார். றிஸ்மி என்று பெயர். வரிப்பத்தான்சேனையில் வயல் செய்கிற குடும்பம். ஒலுவில் பல்கலைக்கழகத்தில், ஆகிலா படித்த அதே காலத்தில், வரலாறு படித்த பொடியன். குணம் தங்கம். தொழுகை தவறாதவன். எல்லாம் சரி.

"வேல எங்க?" என்று கேட்டாள் சுபைறா.

"கொழும்புல. மியூசியத்துல. பாக்க வாற ஆக்களுக்கு எல்லாத்தையும் காட்டி விளக்கஞ் செல்ற அரசாங்க வேல."

'கொழும்பு' என்ற சொல்லில் சுபைறாவுக்கு எல்லாம் நின்றுபோனது. கொழும்பில் வேலை செய்பவன் கொழும்பில் வீடு எடுப்பான். வீடு எடுத்தவன் பெண்ணைக் கூப்பிடுவான். அவளுடைய தங்கச்சியின் மகள் அப்படித்தான் தெஹிவளைக்குப் போனாள். இப்போது பெருநாளைக்கு வருகிறபோது, சொந்த வீட்டிலேயே சூட்கேசை மூலையில் வைத்துவிட்டு, "குளிக்கத் தண்ணி இரிக்கா?" என்று கேட்கிறாள். சுபைறா கட்டிய வீட்டுக்கு அப்படியொரு விருந்தாளி வரக்கூடாது. மாப்பிள்ளை வந்து இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு மாப்பிள்ளை.

"எனக்கு விருப்பம்தான்," என்றாள் ஆகிலா. "ஆனா நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க உம்மா. ஆரெண்டு செல்லாம, சும்மா மியூசியம் பாக்கப் போற மாதிரிப் போங்க. அப்பதான் ஆள்ர உண்மக் குணம் தெரியும்."

மகள் இவ்வளவு புத்தியாகச் சொன்னதே சந்தேகப்பட வேண்டிய விஷயம். சுபைறாவுக்கு அப்போது அப்படிப் படவில்லை. தன்னைப் போலவே வளர்ந்திருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டாள்.

கொழும்புப் புறக்கோட்டையில் புடவை எடுக்கப் போகிற வேனில் சுபைறாவும் சீனிமுகம்மதுவும் ஏறினார்கள். வழியெல்லாம் அவள் சீனிமுகம்மதுவுக்குப் பாடம் எடுத்தாள்.

"அங்க போய் வாயத் துறக்கப்படா. எந்த ஊர் எண்டு கேட்டா?"

"மருதமுன."

"மருதமுன எண்டு செல்லப்படா! அக்கரைப்பத்து எண்டு செல்லணும்."

"அப்ப நான் கதைக்கவே இல்ல புள்ள. அதுதான் லேசு," என்றார் சீனிமுகம்மது. அவர் முகத்தை வேன் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அங்கே பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

அந்தத் தேசிய வரலாற்று நூதனசாலை, ஒல்லாந்தர் காலத்துக் கட்டடங்கள் நாலைத் திருத்தித் திறந்தது. நடுவில் பெரிய முற்றம். முற்றத்தில் ஒரு பலா மரம். சுவர்கள் ஒரு ஆள் படுத்து உறங்கக்கூடிய அளவு தடிப்பு. சுபைறா வாசலில் நின்று, வெள்ளை அடித்த அந்தச் சுவரை உள்ளங்கையால் இரண்டு தரம் தட்டிப் பார்த்தாள். "நல்ல வேல," என்றாள். சீனிமுகம்மது அதற்குள் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் சோடி சேர்த்து வைத்துவிட்டு, வலது காலை முன்னே வைத்து உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

"இது பள்ளிவாசல் இல்ல மாமா. போட்டுட்டு வாங்க," என்று ஒரு குரல் சிரித்தது.

மெலிந்த பொடியன். சட்டையை உள்ளே விட்டு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க நின்றான். அட்டையில் மூன்று மொழியிலும் றிஸ்மி என்று இருந்தது. சுபைறா ஒரு சாரியைப் பார்ப்பது போலவே அவனைப் பார்த்தாள். முதலில் கரை, பிறகு நெசவு, கடைசியில் சாயம் போகுமா என்ற யோசனை.

"வாங்க மாமி. எந்த ஊரு?"

"அக்கரைப்பத்து."

"ஓ, அக்கரைப்பத்தா," என்றான் றிஸ்மி. சொல்லும்போது அவன் கண் ஒரு தரம் சீனிமுகம்மது பக்கம் போய் வந்தது. சீனிமுகம்மது செருப்பு வாரை மிகக் கவனமாக இழுத்துக்கொண்டிருந்தார்.

முதல் கட்டடம் ஒரு மாளிகை. கருங்காலிக் கதவுகள், ஆளுயர யன்னல்கள், பீங்கான் தட்டுகள் அடுக்கிய அலுமாரிகள். அவர்களோடு கண்டிப் பக்கத்துக் குடும்பம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. அந்த வீட்டு இளம்பெண் றிஸ்மி சொல்வதையெல்லாம் தன் போனில் எழுதிக்கொண்டு வந்தாள்.

"இதுல ஒரு பெரிய ஒல்லாந்த அதிகாரி இரிந்தாரு," என்று தொடங்கினான் றிஸ்மி.

"அவர்ர ஊடா?" என்றாள் சுபைறா.

"ஓம் மாமி."

"அவரு எந்த ஊரு?"

"ஒல்லாந்துதான்."

"அப்ப தூரத்தால வந்த ஆள்." சுபைறாவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. தூரத்து ஊரிலிருந்து ஒரு ஆம்பிளை வந்து, இவ்வளவு பெரிய வீட்டில் இருந்திருக்கிறார் என்றால் வேறு என்ன காரணம் இருக்க முடியும்? "பொஞ்சாதி இந்த ஊர்தானே?"

றிஸ்மி வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தான். "ஓம் மாமி. இங்க பொறந்தவதான்."

"அப்ப இது அவட ஊடு. அவட உம்மா குடுத்த. இவரு வந்த மாப்புள."

"ஓம் மாமி… அப்பிடித்தான்."

கண்டிப் பெண் எழுதிக்கொண்டாள்.

சுபைறாவுக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். ஒல்லாந்தராக இருந்தால் என்ன, பெரிய அதிகாரியாக இருந்தால் என்ன, ஒழுங்கு முறையாகப் பெண்வீட்டில் வந்து இருந்திருக்கிறார். இதைப் புரிந்து வைத்திருக்கிற ஒரு பொடியன் நிச்சயம் தானும் வந்து இருப்பான். அவள் அடுத்த அறைக்குள் போனாள். நாலு தூணும் மேல்கட்டியும் வைத்த கட்டில் ஒன்று அங்கே கயிற்றுக்கு அப்பால் கிடந்தது.

"இது சீதனக் கட்டில்?"

"ஓம் மாமி."

"ஏறுறத்துக்கு ஏணி வேணும்," என்றார் சீனிமுகம்மது. கதைக்கக் கூடாது என்பது அவருக்கு மறந்துவிட்டது.

"பீங்கான் எல்லாம்?"

"பொண்ணூட்டுச் சாமான்தான் மாமி."

"தம்பி, உங்களுக்கும் கலியாணம் கிலியாணம் எண்டு வந்தா," என்று சுபைறா சாரியின் விலையை விசாரிப்பவள் போல இலேசாக இழுத்தாள், "பொண்ணூட்டுலதானே போய் இரிப்பீங்க?"

"ஓம் மாமி," என்றான் றிஸ்மி. கேள்வி முடிவதற்கு முன்பே சொல்லிவிட்டான்.

அங்கேதான் அவளுக்குள் ஒரு நூல் இழுபட்டது. இத்தனை வருடமாகப் புடவை விற்கிறவள். "சாயம் போகாது" என்று கேட்காமலே சொல்லுகிற யாவாரியிடம் அவள் ஒரு முழமும் வாங்கியதில்லை.

அவள் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் முற்றத்துக்கு இறங்கினாள். பலா மரத்துக்குக் கீழே, கல்மேடையில், கடலைப் பார்த்தபடி ஒரு பீரங்கி இருந்தது. நல்ல கறுப்பு. வாய்க்குள் ஒரு தேங்காய் போகும். சுபைறா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பிறகு மிகவும் அப்பாவியான முகத்தோடு கேட்டாள்:

"இதுவும் சீதனமா தம்பி?"

றிஸ்மி பீரங்கியைப் பார்த்தான். சுபைறாவைப் பார்த்தான். பலாக்காய்களைப் பார்த்தான்.

"ஓம் மாமி," என்றான். "பொண்ணோட வந்திரிக்கும்."

சீனிமுகம்மதுவுக்கு இருமல் வந்தது. அது நிற்கவே இல்லை. கண்டிப் பெண் மட்டும் புருவத்தை உயர்த்திக்கொண்டு, ஒல்லாந்தருக்குப் பீரங்கி சீதனமாக வந்த சேதியையும் போனில் பதிந்தாள்.

'பீரங்கியைச் சீதனம் என்று ஒப்புக்கொள்கிறவன் எதையும் ஒப்புக்கொள்வான்,' என்று நினைத்தாள் சுபைறா. 'எதையும் ஒப்புக்கொள்கிறவன் கலியாணம் முடிந்த மறுகிழமை எதையும் செய்வான்.'

"களைச்சிப் போயிட்டீங்க. தேத்தண்ணி குடிப்பம்," என்று றிஸ்மி அவர்களை இரண்டாவது கட்டடத்தில் இருந்த சிற்றுண்டிச்சாலைக்குக் கூட்டிப்போனான். மூன்று பிளேன்டி வந்தது. அவன் கவனமாக ஒன்றைப் பிரித்து அவள் முன்னால் வைத்தான்.

"இது மாமிட. சீனி போடல்ல."

சொன்ன பிறகுதான் அவனுக்கே அது கேட்டது. சீனிமுகம்மது தன் கோப்பைக்குள் முகத்தை முழுதாக இறக்கினார்.

"எனக்குச் சீனி வருத்தம் எண்டு," என்றாள் சுபைறா மெதுவாக, "ஆரு தம்பி உங்களுக்குச் சென்ன?"

"இல்ல மாமி… பொதுவா… வயசான ஆக்களுக்கு…"

"ஆரு வயசான ஆள்?"

சுபைறா தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்து, அபாயாவை இழுத்துச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "மிச்சத்தையும் பாப்பம்," என்று முன்னே நடந்தாள்.

மூன்றாவது கட்டடம் ஒல்லாந்தர் காலத்து நீதிமன்றம். உயரமான மரமேடை, அதன்மேல் நீதவானின் கதிரை. பிரம்பு பின்னிய ஆசனம், கைப்பிடிகளில் சிங்கத்தலை. கீழே, குற்றவாளி நிற்பதற்கு இடுப்பளவு மரக்கூண்டு. கதிரையைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டி, 'அமர வேண்டாம்' என்று மூன்று மொழியில் எழுதி வைத்திருந்தது.

சுபைறா அதைத் தமிழில் நன்றாக வாசித்தாள். பிறகு அபாயாவைக் கொஞ்சம் தூக்கி, கயிற்றைக் கடந்து, மேடையில் ஏறி, கதிரையில் இருந்தாள். இரண்டு கையையும் இரண்டு சிங்கத்தின் தலையிலும் வைத்துக்கொண்டாள்.

"மாமி! அதுல இரிக்கப்படா!"

"தெரியும். எழுதிக் கிடக்கு." அவள் அசையவில்லை. "உண்மையச் செல்லுங்க. எழும்புறன். பீரங்கி சீதனமா?"

றிஸ்மி வாசலைப் பார்த்தான். அங்கே கண்டிக் குடும்பம் மொத்தமும் நின்றது. "இல்ல மாமி," என்றான். "கோட்டையில இரிந்தது."

"கட்டில்?"

"ஏலத்துல எடுத்தது. அது ஒல்லாந்தர்ர காலமே இல்ல, பொறகு வந்தது."

"ஊடு?"

"கம்பனிட ஊடு மாமி. நம்மட அரசாங்க குவாட்டஸ் மாதிரி. வேல முடிஞ்சா சாமானக் கட்டிட்டு எழும்பிப் போகணும்."

"அப்ப பொஞ்சாதி?"

"பொஞ்சாதி இரிந்தாவா எண்டே தெரியா மாமி. நீங்க கேட்டதால நான்தான் கலியாணம் முடிச்சி வச்ச."

வாசலில் கண்டிப் பெண் பெருவிரலால் போனில் விறுவிறுவென்று அழித்துக்கொண்டிருந்தாள். ஒல்லாந்த அதிகாரியின் கலியாணம், கட்டில், பீங்கான், பீரங்கி எல்லாம் ஒரு நொடியில் இல்லாமல் போயின.

"இப்பிடியெல்லாம் செல்லச் சென்ன ஆரு?"

"ஆகிலா."

"என்ன சென்னவ?"

"உம்மா என்ன கேட்டாலும் ஓம் எண்டு மட்டும் செல்லுங்க, மத்ததெல்லாத்தையும் உம்மாவே செல்லிக்குவா எண்டு. உங்கட போட்டோவும் அனுப்பினவ."

சுபைறா மெல்லத் தலையைத் திருப்பினாள். கால் உளைந்த சீனிமுகம்மது சாய்ந்து நிற்க இடம் தேடி, எங்கே நிற்கிறோம் என்று பாராமல், குற்றவாளிக் கூண்டுக்குள் போய் நின்றிருந்தார்.

"உங்களுக்கும் தெரியுமா?"

"எனக்குத் தெரியும் எண்டு உனக்குச் செல்லப்படா எண்டு செல்லிட்டா புள்ள," என்றார் அவர். "நான் செல்லல்லதானே?"

"எல்லாரும் சேந்து என்னய மடையியாக்கிரிக்கீங்க." சுபைறாவின் குரல் இறங்கியது. இறங்கியபோதுதான் அது பயமாக இருந்தது. "என்ட புள்ளயக் கொழும்புக்குக் கொண்டு வாறத்துக்குத்தானே இந்த ஓம் எல்லாம்? ஊட்டுல வந்து இரிப்பன் எண்டு செல்லிக் கலியாணத்த முடிக்கிற. பொறகு கூட்டிட்டு வாற. அதுதானே?"

"இல்ல மாமி."

"பின்ன?"

றிஸ்மி அடையாள அட்டையின் பட்டியை விரலில் சுற்றினான். "நான் இடமாற்றம் கேட்டு எழுதிப்போட்டிருந்தன். மட்டக்களப்புக்கு. கெடச்சா உங்கட ஊட்டுல இரிந்து பஸ்ஸுல போய் வரலாம் எண்டு. ஆகிலாதான் அத வேணா எண்டு செல்லிட்டா. அவக்குக் கொழும்புல மேல படிக்கணுமாம். உங்களுக்கிட்டச் செல்லப் பயமாம்."

மேலே மின்விசிறி ஒரு கீச்சுச் சத்தத்தோடு சுற்றியது. திருடன் வருவான் என்று சுபைறா வெளிக்கதவுக்குத்தான் இத்தனை காலமும் தாழ்ப்பாளுக்கு மேல் தாழ்ப்பாள் போட்டு வந்தாள். கதவை உள்ளேயிருந்து திறந்து வைத்திருப்பது யார் என்று இப்போதுதான் தெரிந்தது. எழும்ப வேண்டும் என்று நினைத்தாள். ஆனாலும் இரண்டு சிங்கத்தின் தலையையும் இறுக்கிப் பிடித்தபடி இருந்தாள்.

நூதனசாலையின் பெண் காவலாளி ஒருத்தி சத்தம் கேட்டு ஓடி வந்தாள். கதிரையில் ஆளைக் கண்டதும் வாயில் கை வைத்தாள். "அம்மே, நகிட்டின்ன, நகிட்டின்ன!" என்று சிங்களத்தில் எழும்பச் சொல்லிக் கெஞ்சினாள். பிறகு றிஸ்மியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவனுடைய வேலை ஆடியது.

றிஸ்மி கயிற்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். இதுவரை பேசிய குரல் இல்லை இது.

"மாமி, எழும்புங்க. நீங்க எனக்குப் பொண் தந்தாலும் சரி, தராட்டியும் சரி. அந்தப் பிரம்பு அறுந்தா திருப்பிப் பின்ன ஏலா. இப்பவே எழும்பணும்."

சுபைறா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "ஆ," என்றாள். "இது கத." கையை நீட்டினாள். அவன் பிடித்து இறக்கிவிட்டான்.

பலா மரத்தடியில் நின்று அவள் மகளுக்குப் போன் எடுத்தாள். மற்ற இருவரும் கேட்கட்டும் என்று சத்தத்தையும் கூட்டி வைத்தாள்.

"உம்மா! மாப்புள எப்பிடி?" ஆகிலாவின் குரல் தேனாக வந்தது.

"நல்ல மாப்புள. சீதனத்துக்கு ஒரு பீரங்கியும் கேக்காரு."

ஆகிலாவின் குரலில் இருந்த தேன் வற்றியது. "வாப்பாதானே செல்லிக் குடுத்த?"

"நான் இல்ல மகள்!" என்றார் சீனிமுகம்மது அவசரமாக. "சீனி போடாத தேத்தண்ணிதான் காட்டிக் குடுத்த."

"கொழும்புல படிக்கப் போறண்டு ஏன்டி என்னட்டச் செல்லல்ல?"

"சென்னா நீங்க அழுவீங்க உம்மா."

"நான் அழுற ஆளா?"

"வாப்பாட்டச் சென்னன். அவரு அழுதாரு."

சீனிமுகம்மது ஒரு பலாக்காயைத் தட்டி, பழுத்ததா என்று காது வைத்துக் கேட்டார்.

"எனக்கு ரெண்டு வருஷம் போதும் உம்மா. நீங்க என்னத்துக்குப் பயப்புடுறீங்க? ஊடு எங்க போகப் போகுது? அது அங்கதானே இரிக்கும்."

ஒரு வீட்டைக் கடலுக்குக் கொடுத்தவள் சுபைறா. வீடு எங்கேயும் போகாது என்று மற்ற யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆகிலாவுக்கும் அது சொன்ன பிறகுதான் உறைத்திருக்க வேண்டும்.

"உம்மா… நான் அப்பிடி நெனச்சிச் செல்லல்ல."

"தெரியும்."

"நான் ஊட்ட உட்டுட்டுப் போகல்ல. படிக்கத்தான் போறன். உங்கள உடவும் இல்ல."

"சரி, சரி. அழாத. கடைக்கு ஆக்கள் வந்தா அந்தப் பச்ச சாரியக் காட்டு. அது போகுதில்ல," என்று சொல்லிப் போனை வைத்தாள். வைத்த பிறகு அபாயாவின் கையால் மூக்கைத் துடைத்தாள். தூசி என்று யாரும் கேட்காமலே சொன்னாள். பழைய கட்டடம் என்றால் தூசிதானே.

பிறகு திரும்பி றிஸ்மிக்கு நேரே நின்றாள். கடையில் மேசைக்குப் பின்னால் நிற்கிற நிலை அது. சீனிமுகம்மது அதை அறிவார். ஒரு அடி பின்னுக்கு வைத்தார்.

"நிக்காஹ் எங்கட ஊட்டுல."

"ஓம் மாமி."

"ஓம் எண்டு லேசாச் செல்லாதீங்க. யோசிச்சிச் செல்லுங்க."

றிஸ்மி உண்மையாகவே யோசித்தான். "ஓம் மாமி. ஊட்டுலதான்."

"முடிச்சா நாப்பது நாள் அங்க இரிக்கணும். ஊர் பாக்கணும், மாப்புள வந்து இரிக்காரு எண்டு."

"அவ்வளவு லீவு இல்ல மாமி. பத்து நாள் எடுக்கலாம்."

"பத்து நாளா? எங்கட ஊட்டுக்கு விருந்துக்கு வாற ஆக்களே அதுக்கு மேல இரிப்பாங்க." கொஞ்சம் விட்டுப் பிடித்தாள். "சரி. பொறகு ஒவ்வொரு வெள்ளியும் ரெண்டு பேரும் வரணும்."

"ஏலா மாமி. இரவு பஸ்ஸுல வந்து இரவு பஸ்ஸுல திரும்பினா அவ எப்பிடிப் படிக்கிற? மாசத்துல ரெண்டு தரம் வருவம்."

"மூண்டு தரம்."

"ரெண்டு தரம் மாமி."

"மூண்டு எண்டு செல்லுங்க, வராட்டியும் பறுவால்ல. எனக்கு ஊருல செல்றத்துக்கு வேணும்."

"ரெண்டுதான் மாமி. வராத நாளுக்கு வருவம் எண்டு செல்லமாட்டன்." சொல்லிவிட்டு அவன் பயந்து போனான். அது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் வார்த்தையை மாற்றவில்லை.

சுபைறா அவனைக் கரையிலிருந்து தலைப்பு வரைக்கும் இன்னொரு தரம் பார்த்தாள். காலையில் கேட்டதற்கெல்லாம் ஓம் சொன்ன பொடியன் இவன்தானா என்று இருந்தது. ஏலா, இல்லை, தெரியாது என்பதெல்லாம் இந்த வாயில் எவ்வளவு அழகாக வருகின்றன.

"அப்ப ரெண்டு வருஷமும் அந்த ஊட்டுல ஆரு இரிக்கிற?" என்று சீனிமுகம்மது மெல்லக் கேட்டார்.

"நாமதான். ஆளில்லாத ஊட்டுல கறையான் வரும்."

"பெரிய ஊட்டுலயா? பின்னறையில இல்லயா?"

"பெரிய ஊட்டுலதான். ஆனா அலுமாரிய இழுத்துத் திரியப்படா. அது ஆகிலாட ஊடு."

"அப்ப நான் மகள்ர ஊட்டுக்கும் மாப்புள," என்று சீனிமுகம்மது தனக்குள் சொல்லிக்கொண்டார். அவருக்கு அதில் பெரிய வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. புதுவீட்டு முன்னறையில் காற்று நன்றாக வரும் என்பது அவருக்குத் தெரியும்.

சுபைறாவின் போன் அடித்தது. வேன் டிரைவர் கிருஷாந்தன். பாண்டிருப்புப் பொடியன், பொறுமை இல்லாதவன். "மாமி, புறக்கோட்டையில கட பூட்டப் போறானுகள். இன்னும் அங்க என்ன செய்றீங்க?" என்று அவன் கத்தியது முற்றம் முழுவதும் கேட்டது.

சுபைறா முற்றத்தின் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தாள். பார்க்காமல் மிச்சம் இருந்தது நாலாவது கட்டடம், பழைய ஆஸ்பத்திரி. கதவைத் திறந்து வைக்க றிஸ்மி ஏற்கெனவே முன்னால் போய்க்கொண்டிருந்தான்.

"கத்தாத மனே," என்றாள் போனுக்குள். "புடவ நாளைக்கும் எடுக்கலாம். எங்கட மருமகன் இன்னும் ஒரு கட்டடம் காட்டணும்."

ஆஸ்பத்திரிப் படியில் றிஸ்மிக்குக் கால் தடுக்கியது.